நோய்க்கும் உண்டு முன்கணிப்பு

கேள்வி: மனநலச் சிகிச்சையில் இருக்கும் என் தம்பிக்குப் 'புரோக்னோசிஸ்' நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். இது என்ன, ஜோசியமா?
– வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: ஜோசியர் கட்டத்தைப் பார்ப்பார், டாக்டர் ஆளைப் பார்ப்பார்! என்ன நோய் என்பது டயக்னோசிஸ். அது இனி எப்படிப் போகும் என்பது புரோக்னோசிஸ். நம் சித்த மருத்துவத்திலும் இது உண்டு, நெய்க்குறி என்று பெயர். நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். மெல்லப் பரவினால் நோய் தீரும். மூழ்கினால் தீராது என்று கணிப்பார்கள்.

உங்கள் ஊரின் பஹாகியா மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. அதை வைத்து ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கிய கொடுமை இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து பாதியில் சிகிச்சையை நிறுத்தினால் நல்ல கணிப்பும் பொய்த்துவிடும். டாக்டரைக் கேட்காமல் தம்பியின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.