இரவல் போன இதழே எஞ்சும்: வாவிக்கரைச் சேகரிப்பியலில் ஒரு கருதுகோள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு கல்கியோ ஆனந்த விகடனோ இன்றும் கைக்கு அகப்படுகிறதென்றால், யாரோ ஒருவர் அதை இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள். இக்கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான். சேகரிப்பியல் அறிஞர்கள் (அப்படியொரு துறை உண்டென்று வைத்துக்கொள்வோம்) பழைய சஞ்சிகைகள் தப்பிப் பிழைத்ததற்கு உரியவரின் அக்கறை, பூச்சி உருண்டை, வேப்பிலை, பூட்டிய அலுமாரி ஆகியவற்றையே காரணமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். “வாசிச்சிட்டு நாளைக்குத் தாறன் மனே” என்று சொல்லி வாங்கிப் போனவரை அவர்கள் கறையானோடு ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். இந்த வகைப்பாடு தவறானது, நன்றிகெட்டதும்கூட.

முதலில் சூழலைப் பார்ப்போம். சஞ்சிகைகள் அச்சான மலிவுத் தாள் மரக்கூழிலிருந்து வந்தது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். தாளில் ஊறிய அமிலம் அதை முறுகவைத்து ஒடிக்கும். உப்பு ஈரக் காற்றில் நடுவிலுள்ள கம்பி ஊசி துருப்பிடித்து நடுப்பக்கத்தை முதலில் கழற்றிவிடும். மிச்சத்தை இராமபாணப் பூச்சியும் கறையானும் பார்த்துக்கொள்கின்றன. இவை அன்றாடச் சேதங்கள். பெரிய சேதங்களுக்குத் தேதியே உண்டு: 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. நடுவே மூன்று தசாப்தப் போரில் மக்கள் வீடு விட்டு ஓடியதையும் சேர்க்க வேண்டும். ஓடுகிறவர் அடையாள அட்டையை எடுப்பாரா, 1952ஆம் ஆண்டுத் தீபாவளி மலரை எடுப்பாரா? ஆக, ஒரே அலுமாரியில் ஒழுங்காக அடுக்கி வைத்த முழுத் தொகுப்புத்தான் இப்பிரதேசத்தில் அழிவுக்கு மிகவும் வாய்ப்பானது.

இரவலோ தொகுப்பைச் சிதறடிக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரிக்கிறது. மண்முனையில் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவையிலோ தோணியிலோதான் கடக்க வேண்டியிருந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் ஒருவர் அக்கரைக்கு ஓர் இதழை எடுத்துச் சென்றால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக மட்டும் இன்னொரு தரம் துறையில் காத்து நிற்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாதவர் செயல். அந்தச் சோம்பலின் பயனை 2004இல் கண்டோம். கல்லடி, நாவலடி என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கடல் துடைத்துப் போனது. படுவான்கரை வீடுகளின் பரணில் இருந்தவற்றை அது தொடவில்லை. உரியவர் வீட்டில் ‘பத்திரமாக’ இருந்த இதழ் போயிற்று. பத்து வருடமாகக் கேட்டும் வராத இதழ் இருக்கிறது.

இரண்டாவது சான்று 1970களைச் சார்ந்தது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் மல்லிகை, சிரித்திரன் போன்ற நம்மவர் ஏடுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று இலக்கிய வரலாறு சொல்லும். அது சொல்ல மறந்தது, புது இதழ் வராத காலத்தில் பழைய இதழ் எத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கும் என்பதை. பெறுமதி கூடியதும் அவை கச்சான் சரையாகும் விதியிலிருந்து தப்பின. இன்று சேகரிப்பாளர் காட்டும் இதழின் அட்டையைக் கவனியுங்கள்: மேல் மூலையில் ஒருவர் பெயர், அதை வெட்டி இன்னொருவர் பெயர், ஓரத்தில் ஏதோ வாசிகசாலையின் மங்கிய முத்திரை. சேகரிப்பாளரின் பெயர் அநேகமாகக் கடைசியில் இருக்கும். அவர் வேறு யாருமல்லர், வரிசையின் இறுதி இரவல்காரர்.

மறுப்பாளர் இங்கே ரோஜா முத்தையாவைக் கொண்டுவருவர். தமிழகத்துக் கோட்டையூரில் அவர் திரட்டிய நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. ஓரிடத்தில் வைத்தே காத்தாரே என்றால், கோட்டையூரில் வாவி இல்லை என்பதே விடை. நூலகத்தில் ஒப்படைத்தால் போதாதா என்போருக்கு 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை நினைவூட்டினால் போதும். அதில் பகடிக்கு இடமில்லை.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு: இரவல், தொகுப்பை ஓட்டையாக்குகிறதே? உண்மைதான். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் ஓடியது. மணியத்தின் ஓவியங்களோடு அதைக் கிழித்துக் கட்டி வைத்த வீடுகளில் ஏதோ ஒரு வாரம் இல்லாமலிருக்கும். ஆனால் இல்லாத வாரம் எப்போதும் சுவையான வாரமாகவே இருப்பதைக் காண்க. கறையானுக்கு அந்த ரசனை கிடையாது. ஆகவே அந்த வாரம் அழியவில்லை, இன்னொருவர் கட்டுக்குள் இருக்கிறது. வாவிப் பிரதேசம் முழுவதையும் ஒரே அலுமாரியாகக் கொண்டால் ஓட்டை என்று எதுவும் இல்லை.

நூலகம் இணையத்தளம் 2005 முதல் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் தருகிறது, இனி இரவல் எதற்கு என்பது கடைசி மறுப்பு. அதுவும் எமக்கே துணை. ஒவ்வொரு தரவிறக்கமும் யாரும் திருப்பிக் கேட்காத இரவலே. ஆனால் கொடுத்தவர் அலுமாரியில் இடைவெளி விழாத ஒன்றை இரவல் என்று கணக்கில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் எமக்குத் தயக்கம் உண்டு.