பத்தின் மேலும் பதினாறின் கீழும்: டிவி கேம் குறித்து ஒரு நூற்பாவும் அதன் உரையும்

பத்தின் மேலும் பதினாறின் கீழும்
மெத்த ஆடியதே மேலெனப் படுமே.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், உலகத்து வீடியோ கேம்களுள் சிறந்தது எது என்று தீர்த்து வைத்தல் நுதலிற்று. நூற்பா செய்தவரும் உரை செய்பவரும் ஒருவரே ஆதலின் பாடபேதம் இல்லை, உரையாசிரியர்களுக்குள் சண்டையும் இல்லை. தொல்காப்பியருக்கே கிடைக்காத பாக்கியம்.

இனிப் பதவுரை. 'பத்தின் மேலும்' என்றது, இரண்டு கட்டை விரலும் ரிமோட்டின் பட்டன்களுக்கு எட்டும் வயதை. 'பதினாறின் கீழும்' என்றது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து டிவி கேம் பரணுக்குப் போகும் வயதை. 'மெத்த' என்றது அடாப்டர் தொட்டால் சுடும் வரைக்கும். 'மேல்' என்றால் மற்ற எல்லா ஆட்டங்களையும்விட மேல். அந்த மற்றவற்றை ஆடிப் பார்த்திருக்க வேண்டும் என்று நூற்பா எங்கும் சொல்லவில்லை, சொல்லாதது வேண்டுமென்றே.

சிறுவயதில் ஆடியதையே மேலென்று ஏங்கும் இந்த மனநிலைக்குப் பெயர் வைத்தவர் ஒரு மருத்துவ மாணவர். 1688இல் பாசல் நகரத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்பவர், அயலூரில் கிடந்து ஊர் நினைப்பில் உருகிப்போன சுவிஸ்காரர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்றார். நோயாளியை ஊருக்கு அனுப்பிவிட்டால் குணமாகும் என்பது அவர் கண்ட மருந்து. சுவிட்சர்லாந்துக்கு வண்டி இருந்தது. டிவி கேம் ஆடிய 1996க்கு வண்டி இல்லாததால், பழைய ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டரை நாம் இறக்கிக்கொள்கிறோம்.

பிற்கால உளவியலாரும் நம் நூற்பாவுக்குச் சாட்சி சொல்கிறார்கள். நாற்பது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்பவற்றைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் நடந்தவையே குவிந்து வருகின்றனவாம். முப்பது வரை நீட்டியது அவர்களுடைய தாராளம். நாம் பதினாறோடு நிறுத்துகிறோம்.

அடுத்தது, வெளியீட்டு நாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று வெளியீட்டு நாட்கள் உண்டு: ஜப்பான் நாள், அமெரிக்க நாள், வீட்டு நாள். முதல் இரண்டும் கலைக்களஞ்சியத்துக்கு ஆகும். கருத்துக்கு ஆதாரம் மூன்றாவதே. நின்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியை ஜப்பானில் விற்கத் தொடங்கியது 1983 ஜூலை 15. அதையே உருமாற்றி நியூயார்க்கில் விற்றுப் பார்த்தது 1985 அக்டோபரில். எங்கள் வீட்டுக்கு அது வந்தது 1996இல், ஆயுத பூஜைக்கு முதல் நாள், சித்தப்பாவின் பையில், பர்மா பஜாரிலிருந்து. நின்டெண்டோ என்ற பெயர் பெட்டியில் எங்குமே இல்லை. ஃபேமிகாமின் உள்ளுறுப்புகளை ஒரே சில்லுக்குள் அடைத்து வேறு யாரோ செய்த நகல் அது. கூட வந்த கேசட்டின் மேல் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்ததில் ஒரு டஜனுக்குச் சற்று மேல் இருந்தன. மிச்சமெல்லாம் அவற்றின் நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கும் மறுபிறவிகள்.

மறுநாள் பூஜையில் பாட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். கூட வந்த துப்பாக்கி உண்மையிலேயே ஆயுதம் என்பதால் அதற்குச் சற்றுத் தாராளமாக, நேராகக் குழல் வாயிலேயே வைத்தார். அன்று மாலை வாத்து சுடும் ஆட்டத்தில் ஒரு வாத்துகூட விழவில்லை. புல்லுக்குள்ளிருந்து அந்த ஆட்டத்தின் நாய் எழுந்து எங்கள் குடும்பம் முழுவதையும் பார்த்துச் சிரித்தது. அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, பார்க்கத்தான் செய்கிறது என்பது பின்னாளில் படித்தது. விசையை இழுத்த கணத்தில் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். குழலுக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து செத்தது. பழைய படக்குழாய் டிவியின் வேகத்துக்கு அளந்து செய்த ஏற்பாடு என்பதால், இன்றைய எல்இடி டிவிக்கு முன்னால் அது குருட்டுத் துப்பாக்கி. ஆக, சோதனையைத் திரும்பச் செய்து காட்டு என்று கேட்கும் விமர்சகர்கள் முதலில் ஒரு டயனோரா டிவி வாங்கி வரவும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வெளியானது 1985 செப்டம்பர் 13. நானும் அதே வருஷத்துப் பிறப்பு. நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது இருவருக்கும் வயது பதினொன்று. அந்த 1996 ஜூனிலேயே ஜப்பானில் 'சூப்பர் மாரியோ 64' வந்துவிட்டிருந்தது. அங்கே மாரியோ முப்பரிமாணத்தில் சுழன்று குதித்துக்கொண்டிருந்தார். நான் இங்கே தட்டைச் செங்கலை முட்டிக் காசு எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு பொற்காலம் கெட்டிருக்கும். 2013இல், இருபத்தெட்டு வயதில், அந்த 64ஐ ஆடிப் பார்த்தேன். கேமரா சுற்றிய சுற்றில் தலைவலி வந்தது. சாதாரணமான ஆட்டம். பதினேழு வருஷம் தாமதமாக வந்ததற்கு நான் பொறுப்பல்ல.

வீட்டுக்கு வந்ததையே அசல் என்று கொள்ளும் இது நம் ஊர்ப் பிழையோ எனின், அன்று. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் மாரியோ மிகக் கடினம் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஒதுக்கியது. அதற்குப் பதிலாக, 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறோர் ஆட்டத்தை எடுத்து, நாயகர்களின் தலையை மாற்றி, 1988இல் அதையே இரண்டாம் மாரியோ என்று விற்றது. மண்ணிலிருந்து காய்கறி பிடுங்கி எறியும் மாரியோதான் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அசல். ஜப்பானியருக்கோ அது 1992இல் 'சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ' என்ற பெயரில் வந்து சேர்ந்த ஒன்றுவிட்ட தம்பி.

ஐரோப்பாவின் கதை இன்னும் நயமானது. அன்று அங்கே டிவி நொடிக்கு 50 முறை படம் வரையும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. பல ஆட்டங்களை இதற்காகத் திருத்தாமலேயே அனுப்பியதால் அவை ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின, 1991இல் வந்த 'சோனிக்' உட்பட. வேகத்துக்கென்றே படைக்கப்பட்ட முள்ளெலி அங்கே பாட்டோடு சேர்ந்து நிதானமாக நடைபயின்றது. அதில் வளர்ந்தவருக்குச் சரியான வேகத்தைக் காட்டினால், யாரோ அவசரப்படுத்துவது போலத்தான் இருக்கும்.

பிறந்த நேரம் சரியில்லாத ஆட்டங்களும் உண்டு. 'எர்த்பவுண்ட்' அமெரிக்காவுக்கு 1995இல் வந்தது, பளபளப்பான 'டாங்கி காங் கன்ட்ரி'யை எல்லாரும் கண்கொட்டாமல் பார்த்து முடித்த அடுத்த வருஷம். குழந்தை வரைந்தது போன்ற படங்களோடு அது நின்றது. போதாக்குறைக்கு, ஆட்டம் நாறுகிறது என்று தானே சொல்லிக்கொண்டு, சுரண்டினால் நாற்றமடிக்கும் அட்டைகளோடு விளம்பரம் வேறு. விற்கவில்லை. இன்று அதன் கேசட்டுக்கு அடிதடி.

நினைவு எல்லாவற்றையும் காப்பாற்றுமோ எனின், காப்பாற்றாது. 1982 கிறிஸ்துமஸுக்காக ஐந்தே வாரத்தில் எழுதப்பட்ட அட்டாரியின் 'ஈ.டி.'யை அடுத்த வருஷம் நியூ மெக்சிகோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்து ஏலம் விட்டார்கள். ஊறுகாயைப் போலவே இதற்கும் ஊறல்தான் விலை. ஆட்டம் அப்போதும் மோசம், இப்போதும் மோசம்.

முறைப்படி எதிர்த்தரப்பையும் விசாரித்தேன். பதினோரு வயது அக்கா மகனிடம் மாரியோவைக் கொடுத்தேன். ஒரு காசை விட்டுவிட்டு முன்னால் போனவன், திரும்பிப் போய் எடுக்கப் பார்த்தான். அந்த ஆட்டத்தில் திரை வலப்பக்கம் மட்டுமே நகரும், விட்டது விட்டதுதான்.

"மாமா, இது ஏன் பின்னாடி போகமாட்டேங்குது? ரிப்பேரா?"

"டேய், அது அப்படித்தான்."

"அப்டேட் பண்ணிப் பாருங்க மாமா."

அவன் கொடுத்த மதிப்பெண் 'ஓகே'. பிறகு மைன்கிராஃப்டுக்குத் திரும்பிவிட்டான். 2045 வாக்கில் அவனும் ஒரு நூற்பா செய்வான் என்று எதிர்பார்க்கலாம், தவறான நூற்பா.

ஆகவே முடிபு: உலகின் தலைசிறந்த வீடியோ கேம், நான் மெத்த ஆடியதும் இதுவரை பெயர் சொல்லாததுமான 'கான்ட்ரா'. அதுவும் முப்பது லைஃபோடு, இருவராக, அருவி ஸ்டேஜில் மேலே ஏறி நின்று பக்கத்திலிருப்பவனைத் திரைக்குக் கீழே விட்டுக் கொல்லும்போது. இம்முடிபை மறுப்போர், தாம் பிறந்த வருஷத்தையும் வீட்டுக்குக் கேசட் வந்த மாதத்தையும் குறித்து அனுப்பவும். எந்த வயதில் தவறிப்போனீர்கள் என்று கணித்துச் சொல்லப்படும். கட்டணம் இல்லை.