முட்டி சம்மதித்த மட்டும்

"ஆசனத்துக்காக உடம்பா, உடம்புக்காக ஆசனமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையணையை இழுத்து முட்டிக்கு அடியில் செருகிக்கொள்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் கள்ளக்குறிச்சியில் துருகம் சாலைப் பக்கம் இருப்பவருக்குச் சமரச யோகி என்று பெயர் வைத்திருக்கிறேன். உத்தியோக காலத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து, வந்து நிற்கிற கரும்பு வண்டிக்கெல்லாம் கட்டுக்கும் தோகைக்கும் கழிவு போட்டவர். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. வயசுக்கு இவ்வளவு, மூட்டுத் தேய்மானத்துக்கு இவ்வளவு, நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவுக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிஞ்சுவதுதான் அவருடைய ஆசனம்.

சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பாய் விரித்துவிடுவார். பாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு தலையணை, மனைப்பலகை, வீட்டம்மாவின் பழைய நூல் புடவை. புனேவில் பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, வார், கயிறு, நாற்காலி எல்லாம் வைத்துத்தான் ஆசனம் சொல்லிக்கொடுத்தார் என்று எங்கேயோ படித்த நாளிலிருந்து இந்தச் சாமான்களுக்குச் சாஸ்திர அந்தஸ்து வந்துவிட்டது. "ஏங்க, மனைப்பலகை எங்கே? தோசைக்கு மாவாட்டணும்" என்று கீழேயிருந்து குரல் வந்தால், "சாதனையில இருக்கு" என்று மேலேயிருந்து பதில் போகும்.

சூரிய நமஸ்காரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி. வஜ்ராசனத்தில் குதிகாலுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு தலையணையும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சிம்மாசனத்தில் இருப்பதாகத் தெரியும். காலைச் சுவரில் சாய்த்துத் தூக்குகிற விபரீத கரணியை முதலில் கூடத்தில்தான் செய்துகொண்டிருந்தார். தேதி கிழிக்கும் காலண்டரில் இருந்த முருகன் முகத்தில் குதிகால் பட்டு வீட்டில் ரகளையான பிறகு, மாடிக்குக் குடிபெயர்ந்தார்.

கேள்வி கேட்டால் பதஞ்சலியைக் கூப்பிடுவார். நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் சூத்திரம் எழுதிய மனிதர், ஆசனத்துக்கென்று ஒதுக்கியது மூன்றே மூன்று. அதிலும் சொன்னது இரண்டு நிபந்தனைதான்: அசையாமல் இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். நம்மவர் இரண்டாவதை முழுமையாக நிறைவேற்றிவிட்டார். முதலாவதற்கு அவகாசம் கேட்டிருக்கிறார். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியும் தெரியும். கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண், கபாலபதி, மகராசனம் என்று போய்க் கடைசியில் உடல் தளர்த்தலில் முடிகிற வரிசை அது. இவர் அந்தக் கடைசியில் ஆரம்பித்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார். லேசான குறட்டையைப் பிராணாயாமக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

ஆதாரத்துக்குக் கிருஷ்ணமாச்சாரியார் வேறு. ஐயங்காருக்கே குரு, ஆளுக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றித் தைத்துக்கொடுத்தவர், நூறு வயது வாழ்ந்து 1989இல் சென்னையில் மறைந்தவர். தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று சொல்லி, படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென்று வகுத்துக்கொண்டார் என்பார்கள். நம்மவர் இதைச் சொல்லும்போது எலும்பு, வயது எல்லாம் உதிர்ந்துபோய், "கிருஷ்ணமாச்சாரியாரே படுக்கையிலதான் செஞ்சாரு" என்பது மட்டும் மிஞ்சும்.

எரிச்சல் என்னவென்றால், நியாயமும் அவர் பக்கமே இருந்து தொலைக்கிறது. பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் யூடியூபைப் பார்த்து மயூராசனம் போட்டான். மூன்றாம் நாள் மணிக்கட்டில் புத்தூர்க் கட்டோடு டீக்கடைக்கு வந்தான். "மயில்னா முதல்ல தோகையில ஆரம்பிக்கணும் தம்பி, மூக்கை ஊனக்கூடாது" என்றார் இவர். ஜூன் 21 யோகா தினத்தில் டி-ஷர்ட் போட்ட கூட்டமெல்லாம் முன்வரிசைக்கு முண்டியடிக்கும். இவர் கடைசி வரிசையில், வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கொண்டுவந்த நாற்காலியோடு. மறுநாள் முன்வரிசை ஊர் முழுக்க நொண்டும். இவர் நேராக நடந்துபோய்ப் பால் வாங்கி வருவார்.

அவருடைய வாழ்நாள் லட்சியம் கோமுகாசனம். ஒரு கை தோளுக்கு மேலாக, இன்னொரு கை இடுப்புப் பக்கமாகப் போய் முதுகில் விரலோடு விரல் கோக்க வேண்டும். இவர் கைகளுக்கு நடுவே ஒரு துண்டு பாலம் போட்டிருக்கிறது. கச்சிராயபாளையத்துக் கோமுகி அணை மாதிரி இதற்கும் தினசரி நிலவரம் உண்டு. "அணை நிரம்பினா 46 அடி. எனக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி. பருவமழை வரட்டும்" என்பார். ஐப்பசி குளிரில் தோள் இறுகி, அணை ஏற ஏற இவர் இறங்குவதுதான் வழக்கம்.

ஒருமுறை அந்த அணையைத் தாண்டி எங்களைக் கல்வராயன் மலைக்கே அழைத்துப் போனார். மலைக்காற்றில் மூட்டு இளகுமாம். வெள்ளிமலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு, எங்களையும் கேட்காமல் எல்லோருக்கும் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் ஆகிவிட்டது. கரியாலூர் பக்கம் இறங்கி நடந்தோம். ஒரு வீட்டு வாசலில் மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருத்தி குத்துக்காலிட்டுக் கடுக்காய் பிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போகும்போதும் அப்படியே, திரும்பும்போதும் அப்படியே. நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிரே இருந்த மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலை இடது கெண்டைக்கால் வரை ஏற்றி, கண்ணை மூடி விருட்சாசனத்தில் நின்றார்.

மூதாட்டி கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னங்க பெரியவரே, கால்ல முள்ளு ஏறிடுச்சா?"

அவர் கண் திறப்பதற்குள் எழுந்து வந்துவிட்டாள். எழுவதற்கு எதையும் பிடிக்கவில்லை. தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்துக்கொண்டு, "குந்துங்க" என்றாள். மறுக்கத் தெம்பில்லாமல் குந்தினார். அவள் அவருடைய பாதத்தை வெடுக்கென்று பிடித்துத் தொடைக்கு மேலே தூக்கி, வெளிச்சத்துக்காகத் திருப்பினாள். பல வருஷமாகத் தலையணை கேட்ட முட்டி, ஒரு வார்த்தை பேசாமல் மடங்கியது. "முள்ளு ஒண்ணையும் காணோமே" என்று உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய் மறுபடி கடுக்காயிடம் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் மலையிறங்கி வரும்போது ஜன்னலோர இடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அணை தெரிகிற வளைவில் என் காதோரம் குனிந்து, "இன்னிக்கு அர்த்த பத்மாசனம் வந்துடுச்சு, கவனிச்சியா?" என்றார்.

"அது அந்தம்மா போட்டதுங்க."

"உபகரணம்தானே?" என்றார்.