ஒரு யூனிட் குடும்பம்

அத்திப்பட்டு என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, “சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?” என்றுதான். படம் வந்தது 2001-இல். அன்றிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது அத்திப்பட்டி, இது அத்திப்பட்டு. அது கதை, இது கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர் தாண்டி வருகிற ஸ்டேஷன். எங்கள் ஊர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. சமயத்தில் கரண்ட்தான் காணாமல் போகும்.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “உங்க ஊர்லதானே சார் கரண்டே தயாரிக்கிறாங்க?” ஆமாம். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்தில் வல்லூரில் இன்னொரு 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். மாடியில் துணி காயப்போடப் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புகைபோக்கி நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்காக, பால்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் காபி தானாக வந்துவிடுமா? அங்கே பிறக்கிற மின்சாரம் 230, 400 கிலோவோல்ட் என்று ஏறி, கோபுரம் கோபுரமாகத் தாண்டி எங்கெங்கோ போய், துணை மின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 11 கிலோவோல்ட்டில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேர வேண்டும். கடல் காற்று இன்சுலேட்டர்களில் உப்பைப் பூசி வைக்கும். லாரிகள் அதன்மேல் புழுதியைத் தூவும். மார்கழிப் பனி இரண்டையும் நனைக்கும். நடுராத்திரியில் கம்பத்தில் ஒரு பொறி, வீட்டில் ஃபேன் நிற்கும். இத்தனைக்கும் நிலையத்தின் பெயரில்தான் சென்னை, இருப்பது திருவள்ளூர் மாவட்டம். பெயர் அவர்களுக்கு, சாம்பல் குட்டை எங்களுக்கு என்று நல்ல பாகப்பிரிவினை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் என் மச்சான் சோழிங்கநல்லூரிலிருந்து காரில் கரண்ட் கொண்டுவந்தான்.

ஒரு பேட்டரிப் பெட்டி. சிறிய டிரங்குப் பெட்டி அளவு, மேலே கைப்பிடி, முகப்பில் ஒரு திரை, சுற்றிலும் விதவிதமான ஓட்டைகள். பன்னிரண்டு கிலோ இருக்கும். விலை முக்கால் லட்சம் வாக்கில். ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்குவதற்காக ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தேறுமா தேறாதா என்று பார்க்க வேண்டுமாம். அவன் குடியிருக்கும் அபார்ட்மென்டில் ஜெனரேட்டர் இருப்பதால் கரண்ட் போவதே தெரியாது. “அதான் மாமா, உங்க வீட்ல வெச்சு நல்லா டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்றான். சோதனைக்கூடம் என்ற முறையில் எங்கள் வீட்டின் பெருமையை அன்றுதான் அறிந்தேன்.

“இதுல எவ்ளோ கரண்ட் இருக்கும் தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“ஆயிரம் வாட் அவர் அத்தை.”

“அப்படீன்னா?”

“ஒரு யூனிட்.”

அம்மா பெட்டியையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசாங்கம் வீட்டுக்கு வீடு சும்மா கொடுக்கிறது. அதாவது இது போல 100 பெட்டி. மாடியிலிருந்து தெரிகிற அந்த 800 மெகாவாட் எந்திரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நொடிக்கு 222 யூனிட். இந்தப் பெட்டியை நிரப்ப அதற்கு ஒரு தும்மல் நேரம்கூட வேண்டாம். “கரண்ட்டு வெல இல்ல அத்தை, அதைத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான் வெல” என்று மச்சான் விளக்கினான். அம்மாவின் முகத்தில் மின்வெட்டுதான்.

அந்தத் தூக்கிட்டுப் போகிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. மற்ற லித்தியம் வகைகளைவிட லேசில் தீப்பிடிக்காது, மூவாயிரம் தடவைக்கு மேல் நிரப்பி இறக்கலாம் என்பது இதன் பெருமை. எங்கள் பழைய இன்வெர்ட்டரின் ஈய பேட்டரி 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட். கணக்குப்படி 1,800 வாட் அவர் வருகிறது. ஆனால் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதற்கு ஆயுசு குறையும். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். மறக்காமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். உப்புக்காற்றில் முனைகளில் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். அது வேலையை விட்டு நின்றே ஓராண்டாகிறது. ஆகவே பெட்டியை வரவேற்க எங்கள் வீட்டில் நியாயமான காரணம் இருந்தது.

முதல் சிக்கல் ஃபேன். கரண்ட் போனால் எங்களுக்குத் தேவை ஃபேன். எங்கள் ஃபேன்கள் கூரையில் தொங்குகின்றன. கூரை ஃபேனுக்குப் பிளக் கிடையாது! ட்யூப் லைட்டுக்கும் கிடையாது. இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்கோடு சேர்ந்து கிடக்கும், சுவிட்சைப் போட்டால் போதும். இந்தப் பெட்டியோ விருந்தாளி, யார் தேடிப்போய்ச் சொருகுகிறார்களோ அவர்களுக்குத்தான் சோறு. முக்கால் லட்சத்துப் பெட்டியை அடியில் வைத்துக்கொண்டு, நிற்கிற ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி குடும்பமே உட்கார்ந்திருந்தோம்.

மச்சான் வீடியோ காலில் ஒரு யோசனை சொன்னான். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்று செய்து, ஒரு பக்கம் பெட்டியில், மறு பக்கம் சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடுமாம். எங்கள் எலக்ட்ரீஷியன் அதைக் கேட்டதும் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணே, அத மட்டும் செஞ்சுடாதீங்க. மெயினை ஆஃப் பண்ண மறந்தா இங்கேருந்து கரண்ட் திரும்பிப் போவும். டிரான்ஸ்பார்மர்ல அது பதினோராயிரம் வோல்ட்டா ஏறும். லைன் செத்துக் கெடக்குன்னு நெனச்சுக் கம்பத்துல ஏறியிருக்கிறவன் என்னா ஆவான்?” என்றார். வேடிக்கையாகப் பேசுகிற மனிதர், அன்று வேடிக்கை பேசவில்லை. மறுநாள் ஒரு டேபிள் ஃபேன் வாங்கினோம்.

அடுத்து சமையலறை. இந்தப் பெட்டியின் நல்ல குணமும் கெட்ட குணமும் அந்தத் திரைதான். எது சொருகினாலும் எத்தனை வாட் இழுக்கிறது என்று பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். மிக்ஸியில் என் மனைவி தேங்காய்ச் சட்னி அரைத்தாள். 412 என்று காட்டியது. தேங்காய்ச் சில் ஒன்று பிளேடில் மாட்டியதும் 590. அவள் நிறுத்தி, மூடியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி திருகினாள், 380-க்கு இறங்கியது. நாங்கள் எல்லோரும் சட்னியை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷ அரைப்புக்குப் பெட்டியில் கரைந்தது ஒன்றிரண்டு சதவீதம்தான். அம்மாவின் கிரைண்டர் இன்னும் யோக்கியம். 150 வாட்டில் அரை மணி ஓடினால் 75 வாட் அவர். ஒரு பெட்டிக் கரண்ட்டில் தெருவுக்கே இட்லி மாவு அரைக்கலாம்.

ரைஸ் குக்கர் 700. ஒரு பானைச் சோற்றுக்குப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலி. அப்புறம் நான் டீ போடும் கெட்டிலைச் சொருகினேன். அது 1,500 வாட். பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டுப் படுத்துவிட்டது.

“பாத்தியா, நான் கிரைண்டர் போட்டா கரண்ட் பில்லு ஏறுதுன்னு சொல்லுவியே! யார்னால ஏறுதுன்னு பெட்டியே சொல்லிடுச்சு” என்றார் அம்மா. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள். அதுவும் 1,000 வாட். எங்கள் வீட்டில் இஸ்திரி போட்ட சட்டை போடுகிறவன் நான் ஒருவன்தான்.

பெட்டியில் இருக்கிற ஆயிரமும் கைக்கு வராது. பேட்டரியின் நேர் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கமிஷன் போய்விடும். அதுபோக, ஒன்றுமே சொருகாவிட்டாலும் ஏசி பட்டன் ஆனில் இருந்தாலே அது தனக்கென்று பத்து வாட் வாக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கைக்கு 850 என்று வைத்துக்கொண்டோம். அதை வைத்துப் பங்கு போடுவது என் பொறுப்பாயிற்று. தமிழ்நாட்டுக்கே எந்த ஊருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் மையம் சென்னையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த வாரத்தில்தான். 2012 மின்வெட்டில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு என்று பிரித்தபோது என்னென்ன திட்டு வாங்கியிருப்பார்கள்! எனக்கு நான்கே நான்கு நுகர்வோர். மகளுக்கு லேப்டாப், அம்மாவுக்கு டிவி, மனைவிக்கு ஃபிரிட்ஜ், எனக்கு டேபிள் ஃபேன். ஃபிரிட்ஜ் கிளம்பும்போது ஒரு உதறு உதறி, பிறகு நூற்றுச் சொச்சத்தில் நிதானமாக ஓடியது. உள்ளே காலையில் வாங்கிய இறால் இருந்ததால் அதற்கு முன்னுரிமை என்று தீர்ப்பானது. இறாலுக்குப் பிறகு மகள். ஃபேனைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

டிவிக்கு 60 வாட்தான். ஒரு யூனிட்டில் இருபதுக்கு மேல் சீரியல் எபிசோடு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பெட்டிமேல் முதல் முறையாக மதிப்பு வந்தது. ஒரு நாள் உண்மையிலேயே கரண்ட் போனபோது ஓடிப்போய்ச் சொருகினோம். டிவி உயிர்பெற்றது, படம் வரவில்லை. கேபிள்காரரின் பெட்டிக்கும் அதே தெருக் கரண்ட்தான்.

கேம்பிங் சோதனையை மொட்டை மாடியில் நடத்தினோம். மச்சானே வந்தான், கூடாரத்தோடு. பேட்டரியை நிரப்ப மடக்குகிற சோலார் பலகை ஒன்றும் கொண்டுவந்தான். 200 வாட் என்று எழுதியிருந்தது, மத்தியான வெயிலில் 130 காட்டியது. துணியால் ஒரு துடை துடைத்தோம், 145 ஆனது. துணி கறுப்பாகியிருந்தது. ராத்திரி கூடாரத்துக்குள் போய், கேம்பிங் விளக்கைப் போட்டான். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அணைத்தான். அப்போதும் தெரியவில்லை. எதிரே அனல் மின் நிலையத்து விளக்குகள், அதன் பின்னால் காமராசர் துறைமுகத்து விளக்குகள், புகைபோக்கி உச்சியில் விமானங்களுக்காக எரியும் சிவப்பு விளக்குகள். வெளிச்சம் போட்டுப் பார்க்க ஊரில் இருட்டு வேண்டாமா? “இந்த டெஸ்ட்டை ஏலகிரியில பாத்துக்கலாம் மாமா” என்றான்.

கொசுவுக்கு மட்டும் பஞ்சமில்லை. திரவம் ஊற்றிய கொசுவிரட்டியைப் பெட்டியில் சொருகிவிட்டுப் படுத்தான். அது இழுப்பது ஐந்து வாட். இவ்வளவு கொஞ்சமாக இழுப்பதை இந்தப் பெட்டி ஒரு வாடிக்கையாகவே மதிப்பதில்லை. யாரும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொஞ்ச நேரத்தில் தானே கடையை மூடிவிட்டது. மிச்சம் பிடிக்கும் முறையாம், அணைத்து வைக்கவும் வழியிருக்கிறதாம், ஏதோ ஒரு மெனுவுக்குள். அந்த மெனுவை அவன் கண்டுபிடித்தபோது மணி மூன்று. முகம் அம்மை வார்த்தது போலிருந்தது.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிக் கொடுத்த அறிக்கை சுருக்கமானது. போன், லேப்டாப், டேபிள் ஃபேன், எல்இடி விளக்கு, மோடம், கிரைண்டர் ஆகியவற்றுக்குத் தங்கம். கரண்ட் போவதற்கும் பெட்டி ஏற்பதற்கும் இடையே இருபது மில்லி நொடிகூட ஆகாததால் மகளின் ஆன்லைன் வகுப்பு அறுபடாமல் நடந்தது. மகள் மட்டும்தான் இதைக் குறை சொன்னாள். சூடு பண்ணுகிற எதற்கும் லாயக்கில்லை. விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே 100 வாட் அவருக்கு மேல் போனாலே அனுமதி கேட்க வேண்டும், 160-க்கு மேல் அனுமதியே இல்லை.

ஆனால் அம்மாவின் கேள்வி அறிக்கையில் இல்லாதது. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று இரண்டு புயலிலும் கரண்ட் இல்லாமல் கிடந்தவர் அவர். புயலில் ஃபேன் எதற்கு, காற்றுதான் வேண்டிய மட்டும் அடிக்கிறதே? செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றினாலும் டவர் படுத்துவிட்டால் யாரோடு பேசுவது? அப்போது ஊரே தவித்தது தண்ணீருக்கு. சின்டெக்ஸ் காலியானால் அடுத்த நொடியிலிருந்து குடும்பத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. “தண்ணி மோட்டார் ஓடுமா?” என்றார்.

எங்களுடையது ஒரு குதிரைத் திறன் சப்மெர்சிபிள். ஓடும்போது ஆயிரத்துச் சொச்சம் வாட். கிளம்பும்போது அதைப்போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். தெரிந்தே போட்டுப் பார்த்தோம். மோட்டார் ‘ம்ம்’ என்று ஒரு முனகல், பெட்டி கெட்டிலுக்குக் கத்தியதைவிடப் பெரிதாக ஒரு கத்தல், முடிந்தது. கிணற்றடியில் கயிறும் வாளியும் இருக்கிற வீட்டை எதிர்வீட்டு ஆயா அப்போதே கைகாட்டினார்.

மச்சான் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. ஏலகிரிக்குக் கொண்டுபோனான். அங்கே கூடாரத்துக்குக் கூடாரம் பிளக் பாயின்ட் இருந்ததாம். பெட்டியை அந்த பாயின்ட்டில் சொருகி நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு, நேராக எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். “உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, புயல் வந்தா உதவும்” என்றான்.

அம்மா காபியை அவன் கையில் கொடுத்தார்.

“மோட்டார் இழுக்கிற பெட்டி எவ்ளோ வெலப்பா?”

“ஒன்றரை, ரெண்டு லட்சம் ஆகும் அத்தை.”

“அதையும் ஒண்ணு வாங்கு. நாங்க டெஸ்ட் பண்ணித் தர்றோம்.”