ஏழு நாள் உத்தமன்

குளச்சல் பக்கம் ஒருவன் திடீரென்று பீடியை விட்டுவிட்டு, இளநீரும் பாகற்காய்ச் சாறுமாக அலைந்தால், திருந்திவிட்டான் என்று நம்பிவிடாதீர்கள். வளைகுடா வேலைக்கான மெடிக்கலுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மெடிக்கலுக்கான 'காம்கா' ஏற்பாடு இப்போது 'வாஃபித்' ஆகிவிட்டது. ஊர் வாயில் இன்னும் காம்காதான். இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. இளநீர் குடித்தால் சிறுநீர் தெளியும், சரி. என்றோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பை எந்த இளநீர் கழுவும்? எக்ஸ்ரேயில் அந்த நிழல் விழுந்தால் 'அன்ஃபிட்'. சவூதி முதல் ஓமான் வரை ஆறு நாட்டுக்கும் ஒரே கணக்கு.

"மக்கா, பாஸாயிட்டியா?" என்று ஊரே கேட்கும். பாஸான அன்று ராத்திரியே புரோட்டாவும் பீடியும் திரும்பி வந்துவிடும். விசா வருமுன்னே வேலைக்குச் சேர்வது அவைதான்.