மீட்டர் பாடபேதவியல்: லண்டன் வீடுகளை முன்வைத்து ஒரு பல்துறை நோக்கு

பிரித்தானியாவில் ஒரு குடும்பம் தன் மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒரு கம்பெனியிடமிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும்போது நேரும் இன்னல்கள் பற்றித் தமிழில் முழுமையான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. அப்பெருங்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. முன்பே ஏதேனும் வெளிவந்திருந்தால் அது முழுமையானதன்று எனக் கொள்க.

ஆய்வு எல்லை: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ். வட அயர்லாந்துக்குத் தனிச் சந்தை, தனி ஒழுங்குமுறை. அது வேறொருவரின் முனைவர் பட்டத்துக்காக ஒதுக்கிவைக்கப்படுகிறது.

ஆய்வு மூலங்கள்: முதன்மைச் சான்றுகளாக பில்கள், அவை வந்த உறைகள், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் பிடித்துவைத்திருக்கும் துண்டுத்தாள்கள். துணைமைச் சான்றாக மேல் மாடி அக்கா.

கருதுகோள்: கம்பெனி மாறினால் வீட்டில் ஏதாவது மாறும். இது முதல் நாளே தகர்ந்தது. லண்டனின் பெரும்பகுதியில் எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் கம்பி யூகே பவர் நெட்வொர்க்ஸுடையது. ஆற்றின் வடகரையில் எரிவாயுக் குழாய் கேடென்ட் கம்பெனியுடையது. நேற்று வந்த அதே மின்சாரம், அதே 50 ஹெர்ட்ஸில், அதே ஓட்டை வழியாகத்தான் இன்றும் வருகிறது. மாறுவது பில்லின் தலைப்பில் உள்ள படம் ஒன்றே. ஆயினும் நம் பல்கலைக்கழகங்களில் ஒரு கருதுகோள் தோற்றதாக வரலாறு கிடையாது. ஆகவே இதையும் உறுதிப்பட்டதாகவே அறிவிக்கிறேன்.

இத்துறையின் வரலாற்றை மூன்று காலங்களாகப் பிரிப்பது மரபு. (நான் இன்று காலையில் தொடங்கிவைத்த மரபு.) 1996 ஏப்ரலில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், எரிவாயுவை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சோதனையாகத் தொடங்கி, 1998 மே மாதத்துக்குள் நாடு முழுவதும் பரப்பினார்கள். மின்சாரத்துக்கு 1998 செப்டம்பரில் தொடங்கி 1999 மே மாதத்தில் முடித்தார்கள். இது முதற்சங்கம். அடுத்தது, அட்டையும் பேனாவுமாக வாசலில் வந்து நின்று, மழையில் நனைந்து காட்டிக் கையெழுத்து வாங்கிய விற்பனையாளர்களின் காலம். 2011ஐ ஒட்டிப் பெரிய கம்பெனிகள் இதைக் கைவிடத் தொடங்கின. இது இடைச்சங்கம். மூன்றாவது, 2021இல் கடல்கோள். எரிவாயுவின் மொத்த விலை விண்ணுக்கு ஏற, 2019 ஜனவரி முதல் இருந்த விலை உச்சவரம்பு அதை உடனே மக்கள் தலையில் இறக்கவிடாமல் தடுக்க, முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் கம்பெனிகள் நீருக்குள் போயின. ஏறத்தாழ 17 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்ட பல்ப் என்ற கம்பெனி 2021 நவம்பரில் தனி நிர்வாகத்தின் கீழ் போயிற்று. மூழ்கிய கம்பெனியின் வாடிக்கையாளரை ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பே வேறொரு கம்பெனியிடம் ஒப்படைக்கும். மணமகளைக் கேட்காமல் மாப்பிள்ளை முடிவு செய்யும் பெரியப்பாவின் வேலை அது. இக்கம்பெனிகளில் சில குமரிக்கண்டத்தில் இருந்தவை என்று நிறுவ ஒருவர் முயன்றுகொண்டிருப்பார் என நம்புகிறேன். அவருக்கு என் வாழ்த்து.

இனி இன்னல் வகைகள்.

கடன் பாக்கி: பாக்கி இருந்தால் பழைய கம்பெனி போகவிடாமல் தடுக்கலாம், இதில் ஆய்வுக்கு எதுவும் இல்லை.

ஸ்மார்ட் மீட்டர்: முதல் தலைமுறை மீட்டர்கள் பல, கம்பெனி மாறியதும் மௌன விரதம் பூண்டன.

அடி–மீட்டர் மயக்கம்: பழைய எரிவாயு மீட்டர்கள் கன அடியை நூறு நூறாக எண்ணும், புதியவை கன மீட்டரை எண்ணும். இரண்டுக்கும் இடையே 2.83 மடங்கு. பில் போடும்போது கன மீட்டரை 1.02264ஆல் பெருக்கி, எரிவாயுவின் வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6ஆல் வகுப்பார்கள். மாற்றத்தின்போது புதிய மீட்டரைப் பழையதென்று பதிந்துவிட்டால் பில் 2.83 மடங்காகும். இரண்டு பேர் உள்ள வீடு, பில்லின்படி ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சமைத்துப்போட்டதாகத் தெரியவரும்.

பகல்–இரவு மயக்கம்: அக்கா வீட்டில் எகானமி 7 மீட்டர். இரவில் 7 மணி நேரம் யூனிட் விலை குறைவு, மற்ற நேரத்தில் கூடுதல், இரண்டுக்கும் தனித்தனி எண்வரிசை. கம்பெனி மாறும்போது இந்த வரிசைகள் இடம் மாறிப் பதிவாவது பழைய நோய். அக்கா நள்ளிரவு தாண்டித்தான் வாஷிங் மெஷினைப் போடுவார். “ராத்திரி கரண்ட் மலிவு தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார். பொறுத்துக்கொண்டேன். புதிய கம்பெனியின் முதல் பில்லில் இரவு எண்ணுக்குப் பகல் விலை, பகல் எண்ணுக்கு இரவு விலை. அப்படியானால் இனிப் பகலில் துவைக்கலாமே என்றேன். “அவங்க ஒரு நாள் திருத்துவாங்க இல்ல? அப்போ பழக்கம் விட்டுப்போயிருந்தா?” (அக்கா வாய்மொழி மரபு, மாடிப்படித் திருப்பம், சலவைக் கூடை இடுப்பில் இருந்த நிலையில் பதிவு செய்யப்பட்டது.)

மையப் பொருளுக்கு வருவோம். கம்பெனி மாறும் நாளில் மீட்டர் காட்டும் எண் ஒன்றே. பழைய கம்பெனிக்கு அது கடைசி எண், புதிய கம்பெனிக்கு அதுவே முதல் எண். விதி அவ்வளவுதான். வழக்கோ வேறு. பழைய கம்பெனியின் இறுதிப் பில்லில் 41862 என்றும், புதிய கம்பெனியின் பில்லில் 41268 என்றும் இரு பாடங்கள் கிடைக்கின்றன என்று கொள்வோம். இடைப்பட்ட 594 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் இரண்டு தடவை பணம் கட்டுகிறார். இப்பாடபேதம் குறித்து அறிஞரிடையே நான்கு கட்சிகள் உள்ளன.

சிறிய எண்ணே மூலபாடம் என்பது முதற்கட்சி. எளியதே தொன்மையானது என்பது இவர்கள் கொள்கை. எளிமை இல்லாத இடங்களில் கொள்கையை மாற்றிக்கொள்வார்கள். இரண்டாம் கட்சி, 2உம் 8உம் இடம் மாறியிருப்பதைக் கண்டு, இது பிழையே அன்று, ‘முன்றில்’ போன்ற இலக்கணப் போலி என்கிறது. அவ்வாறாயின் 594 யூனிட்டுக்கான பணமும் இலக்கணப்படியே வசூலாகிறது. மூன்றாம் கட்சிக்கு இரு எண்களும் சரியானவையே. ஒரே பெயரில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள் என்று சொல்லி எந்தக் காலக்கணக்கையும் நேராக்கிவிடும் நம் வரலாற்றாசிரியர்களின் வழியில், ஒரே முகவரியில் இரண்டு மீட்டர்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். நான்காம் கட்சி கடைசி இலக்கத்தையே சந்தேகிக்கிறது. மீட்டரின் வலக்கோடியில் சிவப்பில் இருக்கும் எண் தசமம்; அதைச் சேர்த்துப் படிக்கக் கூடாது. சேர்த்தால் பயன்பாடு பத்து மடங்காகும். சிவப்பு எண்கள் அனைத்தும் பிற்கால இடைச்செருகல்கள் என்பது இவர்கள் துணிபு. (குளிர்சாதனப் பெட்டிச் சுவடி, காந்தக் கட்டு 2, வெண்டைக்காய்–தயிர்ப் பட்டியலுக்குக் கீழே, ஒப்புநோக்குக: பழுப்பு உறை, பின்புறம், பென்சில் பாடம், டீக் கறை பட்ட பிரதியில் இப்பகுதி இல்லை.)

இந்த நால்வருக்கும் மேலே ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். வீட்டுக்காரர் கொடுக்கும் எண் நேராகக் கம்பெனியின் கணக்கில் ஏறாது. இடையில் ஒரு மூன்றாம் தரப்பு, அந்த வீட்டின் பழைய பயன்பாட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் தள்ளிவிட்டு, எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று தானே கணக்கிட்டு ஓர் எண்ணை வைக்கும். ஊருக்குப் போய் மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தவர், மீட்டரில் இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தால், அது மரபுக்கு ஒவ்வாது என்று நீக்கப்படும். புலவர் இப்படி எழுதியிருக்க மாட்டார், சீர் இடிக்கிறது என்று ஏட்டில் இருப்பதை அடித்துவிட்டுத் தாமே ஒரு சொல்லைப் போட்டு, ‘இதுவே சிறந்த பாடம்’ என்று அடிக்குறிப்பும் எழுதும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். இவர்கள் பொன்னாடையும் கேட்பதில்லை.

மீட்டரோ படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரியில் இருக்கிறது. பழைய பெட்டியை நகர்த்தி, டார்ச் அடித்துக் குனிந்தால் எண் தெரியும். மேற்கண்ட கட்சிகளில் எவரும் குனிந்ததாகச் சான்று இல்லை. கல்வெட்டு இருக்கும் ஊருக்கு ஒரு முறை பஸ் ஏறாமலே அதன் மூன்றாம் வரியைப் பற்றி முப்பது ஆண்டு சண்டையிடும் துறையில் இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. மாறும் நாளில் மீட்டரைத் தேதியோடு படமெடுத்து இரு கம்பெனிக்கும் அனுப்பிவிட்டால் பெரும்பாலும் வழக்கே எழாது. ஆனால் வழக்கே எழாவிட்டால் கருத்தரங்கு எதற்கு, கருத்தரங்கப் பை எதற்கு? (இக்கூற்றின் விரிந்த வடிவம், படிக்கட்டடி அலமாரியின் உட்கதவில் முந்தைய குடியிருப்பாளர் கரியால் எழுதியது, வரி 1, வரி 2 பெயின்ட் பூசியபோது அழிந்தது, வரி 3 என அக்கா காட்டுவது சிலந்திவலை என்பது என் கருத்து, அக்கா இதை மறுக்கிறார்.)

முகவரி மயக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டின் மின் இணைப்புக்கும் 21 இலக்க எண் ஒன்று பில்லில் கட்டம் கட்டி அச்சாகியிருக்கும். அதன் கீழ்வரியில் உள்ள 13 இலக்கங்களே உயிர். மத்திய லண்டனானால் அவை 12இல் தொடங்கும். ஒரு பழைய வீட்டை மூன்றாக வெட்டி வாடகைக்கு விட்ட புண்ணியவான், ஒரு பதிவில் ‘ஃபிளாட் ஏ’ என்றும், இன்னொன்றில் ‘கீழ்த்தளம்’ என்றும், மற்றொன்றில் ‘12ஏ’ என்றும் எழுதிவைத்திருப்பார். நாம் நம் வீட்டை மாற்றச் சொன்னால் கம்பெனி பக்கத்து வீட்டை மாற்றிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வரவேற்புக் கடிதம் வரும். நமக்கு ஒன்றும் வராது. 2022 ஜூலை 18 முதல் மாற்றம் 5 வேலை நாளில் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. முன்பு மூன்று வாரம் காத்திருந்து செய்த தவறு இப்போது ஒரே வாரத்தில் நடந்தேறிவிடுகிறது.

எஞ்சியிருப்பது ஆசிரியர் பற்றிய சிக்கல். புது வீட்டுக்குக் குடிபோகிறவர், கையெழுத்தே போடாவிட்டாலும், முன்பிருந்தவரின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்ததாகவே சட்டம் கொள்ளும். குடிவந்தவர் பெயர் தெரியும்வரை கடிதங்கள் ‘தி ஆக்குபையர்’ என்ற பெயருக்கு வரும். இந்த ஆக்குபையர் ஒருவரா, பலரா? ஔவையார் எத்தனை பேர் என்று நம்மவர் எழுதிக் குவித்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இவரைப் பற்றி எழுதப்படவில்லை. நடை வேறுபாட்டைக் கொண்டு குறைந்தது இருவர் என்று துணியலாம். ‘உங்கள் கணக்கில் வரவு உள்ளது’ என்ற கடிதத்துக்கு உரியவர் முதலாம் ஆக்குபையர். ‘வசூல் முகவரிடம் ஒப்படைக்கப்படும்’ என்ற கடிதத்துக்கு உரியவர் காலத்தால் வேறுபட்ட, நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத இரண்டாம் ஆக்குபையர். முதலாமவர் நானே என்பதற்கு அகச்சான்றுகள் வலுவாக உள்ளன. இரண்டாமவரின் கடிதங்களை அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டேன்.