இடைகழியில் நாலாவது ஆள்

கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். பாஸ் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு லினக்ஸில் சின்னமன் டெஸ்க்டாப் போட்டேன். ஒரேயடியாகத் திணறுகிறது; கீழ்ப்பட்டையும் காணோம். தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகர், திருக்கோவிலூர்

பதில்: சென்னை சி-டாக் செய்த பாஸையே வீட்டைவிட்டு அனுப்பியவருக்கு இவ்வளவு பயமா? 2 ஜிபி ராம்தானே இருக்கும்? அது உங்கள் ஊர் இடைகழி மாதிரி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அன்று அங்கே நின்ற மூன்று ஆழ்வார்களை நெருக்கிய நாலாவது ஆள் பெருமாள். இன்று நெருக்குவது பிரவுசர். பத்து டேப் திறந்து வைத்தால் எந்த லினக்ஸும் மூச்சு வாங்கும்.

சின்னமனுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போடுங்கள், இடம் குறைவாகக் கேட்கும். லாக்அவுட் செய்து, நுழைவுத் திரையில் அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கும் பட்டை மறைந்தால் ஆல்ட்டுடன் எஃப்2 அழுத்தி, ‘எக்ஸ்எஃப்சிஇ4-பேனல்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். தூக்கிப் போடுவதா? முதலில் அக்காவைக் கேளுங்கள். லேப்டாப் அவருடையது.